சுங்கை சிப்புட்ல குடும்ப கேஸ் பாக்குற லாயர் ஆபிஸ்: தங்கச்சி கேஸ் முடிஞ்சதும் எழுதுற ரிவியூ

டிவோர்ஸ் கேஸ்னா கேஎல் (கோலாலம்பூர்) போயி பெரிய லாயரா பாத்துப் புடிக்கணும், சின்ன டவுன்ல இருக்கறவங்களுக்கு என்னா தெரியும்னு நம்ம ஆளுங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க, எங்க வீட்டுல சித்தப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. தங்கச்சி கேஸ் இப்ப முழுசா முடிஞ்சு டிவோர்ஸ் சிஜிலும் (சர்ட்டிபிகேட்) கைக்கு வந்துருச்சு, அதனால தைரியமா சொல்றேன், நம்ம பேராக் சுங்கை சிப்புட்ல, ஈப்போவுக்குக் கிட்ட இருக்கற இந்த சின்ன டவுன்ல இருக்கற லாயரே போதும். போதும்னு சொல்றதே கொறச்சல்தான், தோட்டத்துல பொறந்து வளந்த நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அவங்கதான் சரி, ஏன்னு கீழ சொல்றேன். தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், "எழுதுக்கா, என்ன மாதிரி யாராச்சும் படிச்சா உதவும்"னு அவதான் சொன்னா.

லாயர் பேர போடல. போடலாமான்னு மேடம்கிட்டயே கேட்டேன், லாயருங்க விளம்பரத்துக்கு 2001-லேர்ந்து தனி ரூல்ஸ் இருக்கும்மா, பேர் எல்லாம் வேணாம்னு சொல்லிட்டாங்க. டவுன்ல குடும்ப கேஸ் பாக்குற லாயருங்க எத்தன பேரு இருக்கப் போறாங்க, விசாரிச்சா தெரிஞ்சுரும். கடைவீட்டு மாடி, கீழ துணிக்கடை, படி கொஞ்சம் செங்குத்து. மேடத்துக்கு அம்பது வயசுக்கு மேல, அவங்களும் தோட்டத்துல வளந்தவங்கதான், அப்பா ரப்பர் பால் வெட்டுனவரு.

மொதல்ல எனக்குப் புடிச்சத சொல்லிடறேன். நாங்க போயி உக்காந்ததும் தங்கச்சிக்கு அழுகை வந்துருச்சு, கதைய ஆரம்பிக்கப் போனா, மேடம் கைய காட்டி நிறுத்திட்டாங்க. "இரும்மா, ஒண்ணும் சொல்லாத. மொதல்ல ஒன் வீட்டுக்காரர் முழுப் பேரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் எழுதிக் குடு"ன்னாங்க. கிளார்க் அக்கா அத எடுத்துட்டுப் போயி கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு இல்லன்னு தலையாட்டுன பிறகுதான் சொல்லும்மான்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். சின்ன டவுனு, லாயருங்க கொஞ்ச பேரு, நாளைக்கு வந்து நிக்கப்போற புருஷன் நேத்தே இதே நாக்காலியில உக்காந்து அவரு கதைய சொல்லிட்டுப் போயிருக்கலாம், இல்ல அவரு அண்ணன் நிலத்து கேஸ் இவங்க ஃபைல்ல இருக்கலாம், ரெண்டு பக்கத்து ரகசியமும் ஒரே காதுல விழுந்துச்சுன்னா அவங்க யாருக்கும் கேஸ் பண்ண முடியாது. கேஎல்ல ஒரு ஆள் வேணாம்னா பத்து ஆள் இருக்காங்க, இங்க அப்படி இல்லயே. நீ இங்க வந்தது யாருக்கும் தெரியாது, நான் சொல்லவும் கூடாது, 1950 எவிடன்ஸ் சட்டத்துலயே இருக்குன்னு சொன்னாங்க. கோயில்ல பாத்தாக்கூட நானா வந்து பேச மாட்டேன், தப்பா நெனச்சுக்காதன்னாங்க. அதே மாதிரி தைப்பூசத்துல எதிர்ல வந்தாங்க, ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க, எங்க அம்மாவுக்குக் கூட அவங்க யாருன்னு தெரியல.

அடுத்த கேள்வி "கை நீட்டுறாரா?" காசு, வீடு, புள்ளைங்க எல்லாம் அதுக்குப் பிறகுதான். எங்க மச்சான், தங்கச்சி வீட்டுக்காரர், அந்த மாதிரி ஆள் இல்ல, அத நான் நியாயமா சொல்லணும். ஆனா அப்படி இருக்கற வீட்டு ஆளுங்களுக்காக மேடம் சொன்னத அப்படியே எழுதறேன். அடி விழுதுன்னா டிவோர்ஸ் கேஸுக்காக காத்திருக்க வேணாம், 1994 குடும்ப வன்முறை சட்டத்துல பாதுகாப்பு ஆர்டர் வாங்கலாம், 2017-ல அத திருத்தி அவசர ஆர்டர் ஒண்ணு சேத்துருக்காங்க, வெல்ஃபேர் ஆபிசரே குடுக்கலாம், ஏழு நாளைக்கு செல்லும், அதுக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் பண்ணி மத்தத பாத்துக்கலாம். ராத்திரியில வேற வழி இல்லன்னா தாலியன் காசிஹ் (Talian Kasih) உதவி லைன், 15999. இந்த நம்பர் எல்லார் போன்லயும் இருக்கணும்.

எங்க கேஸ் என்னான்னா, மச்சான் லோரி ஓட்டறாரு, கிள்ளான் துறைமுகம் பக்கமே தங்கிட்டாரு, வீட்டுக்கு வர்றது கொறஞ்சு காசு அனுப்பறதும் கொறஞ்சு கடைசியில அங்கயே வேற வாழ்க்கைன்னு ஆயிருச்சு. பெரிய புள்ளைக்கு 9, சின்னவனுக்கு 5. தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடி கையுறை ஃபேக்டரியில வேல செஞ்சா, புள்ளைங்க வந்த பிறகு வீட்டுலதான்.

கல்யாணத்த ஜேபிஎன்ல (பதிவு இலாகா) பதிஞ்சீங்களான்னு கேட்டாங்க. பதிஞ்சிருக்கு. பதியலன்னா டிவோர்ஸுன்னு ஒண்ணே கேக்க முடியாதாம், ஏன்னா 1976 கல்யாண சட்டம் 1982 மார்ச் 1-லேர்ந்து அமலுக்கு வந்துருச்சு, அதுக்குப் பிறகு கோயில்ல தாலி கட்டி ஊரக் கூட்டி சோறு போட்டாலும் பதியலன்னா டிவோர்ஸுன்னு கோர்ட் அத எடுத்துக்காது. இன்னிக்கும் தோட்டத்துப் பக்கம் இப்படி எத்தன பேரு இருக்காங்க தெரியுமா. அப்படிப்பட்ட பொண்ணுங்களும் புள்ளைங்களுக்கு செலவுக்காசு கேக்கலாம், 1950-ல வந்த வேற ஒரு சட்டத்துல அதுக்கு வழி இருக்கு, அதனால பதியலயேன்னு பயந்து வீட்டுலயே உக்காந்துடாதீங்க. இதெல்லாம் நாங்க கேக்காமலே சொன்னாங்க, "ஒன் கூட்டாளிங்களுக்கும் சொல்லு"ன்னு.

ரெண்டு வழி இருக்காம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஜாயிண்ட் பெட்டிஷன், கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆயிருக்கணும், புள்ளைங்களுக்கும் பொண்ணுக்கும் சரியான ஏற்பாடு இருக்கணும். ஒத்துக்கலன்னா ஒரு பக்கமா போடணும், அதுக்கு மொதல்ல ஜேபிஎன் சமரசக் குழுவுக்குப் போகணும், அங்க லாயர் உள்ள வரக்கூடாது, ஆறு மாசத்துக்குள்ள அத முடிக்கணும்னு சட்டம், சேத்து வைக்க முடியலன்னா சிஜில் குடுப்பாங்க, அத வச்சு கோர்ட்டுக்குப் போகலாம். இஸ்லாம் ஆளுங்களுக்கு இது இல்ல, அவங்களுக்கு ஷரியா கோர்ட். மேடம் மச்சானுக்கு ஒரு லெட்டர் போட்டாங்க, திட்டுற லெட்டர் இல்ல, நான் படிச்சேன், ரொம்ப மரியாதையா இருந்துச்சு, நீங்களும் ஒரு லாயர வச்சுக்கங்கன்னு எழுதியிருந்தாங்க. அவரும் ஒரு லாயர வச்சாரு, கடைசியில ஜாயிண்ட்டா முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் நீங்களே பாத்துட்டா செலவு கொறையுமேன்னு எங்க அம்மா கேட்டாங்க, அதுக்கு மேடம், "காசு விஷயத்துல இன்னும் ஒத்துப் போகலம்மா, நான் ரெண்டு பேருக்கும் நின்னா யாருக்காக வாதாடறது, ஒங்க மகளுக்குத்தான் நஷ்டம்"னாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் இவ்ளோ எழுதறேன்.

இதுக்கு முன்னாடி சித்தப்பா பேச்சக் கேட்டு கேஎல்ல ஒரு ஆபிஸ்ல பேசுனோம், பேரு வேணாம். கண்ணாடிக் கதவு, கோப்பி எல்லாம் குடுத்தாங்க, மரியாதைக்கு கொறச்சல் இல்ல. மூணு மாச சம்பள சிலிப் கேட்டாங்க. லோரி ஓட்டற ஆளோட சம்பள சிலிப்ல என்னா இருக்கும், பேசிக் மட்டும்தான் இருக்கும். அத வச்சு இவ்ளோதான் கேக்க முடியும்னு ஒரு தொகை சொன்னாங்க, ரெண்டு புள்ளைங்க பால்மாவுக்கும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் சரியா போயிரும், அவ்ளோதான்.

சுங்கை சிப்புட் மேடம் அதே சிலிப்ப கையில வாங்கிப் பாத்துட்டு வச்சுட்டாங்க. "டிரிப் காசு எங்க?" அதான் மொத வார்த்த. லோரிக்காரங்களுக்கு டிரிப் காசு தனி, வெளியில தங்குனா அதுக்கு தனி, ஓடுற தூரத்துக்கு தனி, சில கம்பெனியில அது வேற சிலிப்ல வரும், சில எடத்துல நேரா பேங்க்ல விழும். இஏ பாரம் கேளு, அதுல வருஷத்து மொத்த வருமானம் இருக்கும்னாங்க. ஜாயிண்ட் அக்கவுண்ட் ஒண்ணு இருந்துச்சு, அந்த பேங்க் ஸ்டேட்மெண்ட ஒரு வருஷத்துக்கு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஒரு மாசத்த பாத்தா ஏமாந்துருவோம், சீனப் பெருநாளும் ஹரி ராயாவும் வர்ற மாசம் டிரிப் கொறையும், அதுக்கு முந்தின மாசம் ஏறும், வருஷத்த கூட்டி பன்னெண்டால வகுத்தாத்தான் நெசமான சம்பளம்னு சொல்லி அங்கயே பென்சில்ல ஒவ்வொரு வரியா கோடு போட்டு கூட்டுனாங்க. தங்கச்சி பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா, அவளுக்கே அவரு இவ்ளோ எடுக்கறாருன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கடைசியில ஒத்துக்கிட்ட தொகை கேஎல்ல சொன்னதவிட ரெண்டு மடங்குக்குக் கிட்ட. மச்சானும் கணக்க காட்டுன பிறகு ஒண்ணும் சொல்லல.

அதோட நிக்கல. காசு எந்த தேதியில தரணும்னு ஒரு பேச்சு. எல்லாரும் 1-ஆம் தேதின்னு போடுவாங்க. மேடம் 10-ஆம் தேதின்னு போட்டாங்க, ஏன்னா வேல சட்டத்துல சம்பளத்த அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள குடுத்தா போதும், கம்பெனிங்க 7 வரைக்கும் இழுப்பாங்க, 1-ஆம் தேதின்னு போட்டா ஆர்டர் வந்த மொத மாசத்துலேர்ந்தே அவரு லேட், மொத மாசத்துலேர்ந்தே சண்ட. இத ஒரு ஆள் யோசிச்சு எழுதணும்னா அவங்க வீட்டுலயும் 7-ஆம் தேதி சம்பளத்துக்கு காத்திருந்து பாத்திருக்கணும். ஸ்கூல் தொறக்கற மாசத்துல யூனிஃபார்ம், காலணி, புத்தகப் பை செலவுல பாதி தனியா, அதையும் எழுதுனாங்க.

புள்ளைங்கள அப்பா பாக்கறது இன்னொரு பெரிய விஷயம். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கெழம காலையில 10 மணிலேர்ந்துன்னுதான் வழக்கமா எழுதுவாங்களாம். லோரிக்காரருக்கு ஏதுங்க சனிக்கெழம? அவருக்கு லீவு என்னிக்கு வருதோ அன்னிக்கு, ரெண்டு நாளைக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல சொல்லணும், புள்ளைங்கள எங்க அம்மா வீட்டுலேர்ந்து கூட்டிட்டுப் போகணும், அங்கயே கொண்டாந்து விடணும், ஸ்கூல் நாளா இருந்தா ஸ்கூல் முடிஞ்ச பிறகு, இப்படி எழுதுனாங்க. தீபாவளிக்கு எண்ணெ தேச்சு குளிக்கறது ஒரு வருஷம் அம்மா வீட்டுல, அடுத்த வருஷம் அப்பாவோட ஆத்தா வீட்டுல, மத்தியானத்துக்கு மேல மாறிக்கணும். சின்னவனுக்கு ஈப்போ கல்லுமலையில முடி எறக்கற நேத்தி ஒண்ணு அவங்க பக்கம் வேண்டியிருந்தாங்க, அத கூட கேட்டு எந்த தைப்பூசம், யாரு கூட்டிட்டுப் போறதுன்னு எழுதியாச்சு. இதெல்லாமா கோர்ட் பேப்பர்ல எழுதுவாங்கன்னு கேட்டேன். "இதுலதான்மா சண்டயே வரும், வீட்டுக்கு சண்ட போடறவங்களவிட தீபாவளிக்கு சண்ட போட்டு திரும்ப எங்கிட்ட வர்றவங்கதான் ஜாஸ்தி"ன்னாங்க. ஏழு வயசுக்கு கீழ உள்ள புள்ள அம்மாகிட்ட இருக்கறதுதான் நல்லதுன்னு சட்டமே ஒரு எண்ணத்தோட ஆரம்பிக்குது, ஆனா அத வச்சு அப்பாவ ஒதுக்கிடாதன்னு தங்கச்சிகிட்ட கண்டிப்பா சொன்னாங்க. அந்த எடத்துல எனக்கு அவங்க மேல மரியாதை ரொம்ப கூடிருச்சு.

ஆர்டர் வாங்கறது ஒண்ணு, அந்த ஆர்டர் வீட்டுல நடக்கறது ஒண்ணு. நம்ம ஈப்போ இந்திரா காந்தி கேஸ் எல்லாருக்கும் தெரியும், அப்பா புள்ளைங்கள மதம் மாத்தி சின்ன மகள தூக்கிட்டுப் போன கேஸ், 2010-லயே ஈப்போ ஹைகோர்ட் கஸ்டடி அவங்களுக்குத்தான்னு குடுத்துச்சு, 2018 ஜனவரி 29-ல ஃபெடரல் கோர்ட் ஒரு பக்கத்து பெத்தவங்க மட்டும் புள்ளைய மதம் மாத்துனது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அப்புறமும் அந்தத் தாய் சின்ன மகள பாக்க முடியாம வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. அத நெனச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. நம்ம கேஸ் அந்த மாதிரி இல்ல, ஆனாலும் பேப்பர்ல எழுதறது நடக்கற மாதிரி இருக்கணும்னு மேடம் ஏன் அவ்ளோ பாடுபடறாங்கன்னு அப்பத்தான் வெளங்குச்சு.

வீட்டு விஷயம். மலிவு விலை வீடு, மச்சான் பேர்ல, லோன் அவருதான் கட்டறாரு. நான் ஒண்ணும் கட்டலயேன்னு தங்கச்சி பயந்துக்கிட்டே இருந்தா. வீட்டப் பாத்துக்கிட்டதும் புள்ள வளத்ததும் கணக்குல வரும், அதே கல்யாண சட்டத்து 76-ஆவது செக்ஷன், 2017-ல திருத்தி 2018 டிசம்பர் 15-லேர்ந்து நடப்புல இருக்கு, யாரு பேர்ல வாங்குனதா இருந்தாலும் கோர்ட் சரிபாதிக்குத்தான் பாக்கும்னு மேடம் சொன்னப்ப அவ மூஞ்சியே மாறிருச்சு. கடைசியில சின்னவன் செகண்டரி ஸ்கூல்ல படிவம் அஞ்சு முடிக்கற வரைக்கும் அவங்க அங்கயே இருக்கலாம், லோன் அவரு கட்டணும், அதுக்குப் பிறகு வித்து பாதி பாதி. நடுவுல விக்காம இருக்க லேண்ட் ஆபிஸ்ல கேவியட் போட்டாங்க, அது ஆறு வருஷந்தான் செல்லும், முடியறதுக்கு முன்னாடி வந்து பாருன்னு தேதிய எழுதி ஃபைல் மேலயே ஒட்டிட்டாங்க. தோட்டத்து வீட்டுல இருக்கற பொண்ணுங்களுக்கு இது கூட இல்ல, வீடு புருஷன் வேலையோட போற வீடு, அவங்க மொதல்ல எங்க தங்கறதுன்னுதான் பாக்கணும், அதையும் மேடம் உள்ள வேற ஒரு அக்காகிட்ட பேசுனத வெளிய காத்திருந்தப்ப கேட்டேன்.

நக எல்லாம் அடகுக் கடையில. யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன், மேடம் கேட்டாங்க. அடகுச் சீட்டு எல்லாத்தயும் மேசையில பரப்பி எது யாரு ஐசியில இருக்கு, என்னிக்கு வச்சதுன்னு ஒவ்வொண்ணா எழுதுனாங்க. சீட்டுக்கு ஆறு மாசந்தான் தவண, கேஸ் முடியற வரைக்கும் அது காத்திருக்காது, எங்க அம்மா போட்ட சங்கிலியும் வளையலும் மச்சான் ஐசியில இருந்துச்சு, மொதல்ல அந்த ரெண்டயும் வட்டியக் கட்டி மாத்தி வைக்கச் சொன்னாங்க, மச்சான் லாயர்கிட்ட பேசி அவர கடைக்கு வர வச்சாங்க. அந்த சங்கிலி இப்ப அம்மாகிட்ட இருக்கு. கேஎல்ல இந்தக் கேள்விய யாருமே கேக்கல.

எங்க பெரியம்மா மக லண்டன்ல இருக்கா, யாரு ஒங்க பாரிஸ்டர்னு கேட்டா. அங்க சொலிசிட்டர் பேப்பர் வேல பாப்பாங்க, கோர்ட்ல நின்னு பேசறதுக்கு பாரிஸ்டர் தனி, லண்டனுக்கு வெளிய இருக்கற பாரிஸ்டருங்க அவங்க சர்க்யூட்ல ஊர் ஊரா கோர்ட்டுக்குப் போவாங்களாம். இங்க அப்படி பிரிவு இல்ல, அட்வகேட் அண்ட் சொலிசிட்டர்னு ஒரே ஆள்தான், சாயங்காலம் லெட்டர் எழுதறவங்களே மறுநாள் காலையில ஈப்போ ஹைகோர்ட்ல நிக்கணும், சில நாள் தைப்பிங், நடுவுல வீட்டு கிராண்ட் (பட்டா), உயில், நிலம் எல்லாம் பாக்கணும். டிவோர்ஸ் கேஸ் மட்டும் பாத்தா இந்த டவுன்ல ஆபிஸ் வாடக கட்ட முடியாதும்மான்னு மேடமே சொன்னாங்க. சின்ன விஷயங்கள கோர்ட் ஜூம்ல வச்சுருது, அதனால முன்ன மாதிரி அலைச்சல் இல்லன்னாங்க.

கேஸ் நாளைக்கு முந்தின சாயங்காலம் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. ஈப்போ கோர்ட் ரயில் ஸ்டேஷன் பக்கம், பார்க்கிங் சீக்கிரம் நெறஞ்சுரும், கை மூடுன சட்ட, ஐசி, கல்யாண சிஜில் ஒரிஜினல், ஜட்ஜ் என்னா கேப்பாரு, நீ மனசார ஒத்துக்கிட்டியான்னு கேப்பாரு, யோசிச்சு பதில் சொல்லு, மலாய்ல பேச தெணறுனா தமிழ்ல பேசலாம், மொழிபெயர்க்க ஆள் இருப்பாங்க. எழுதுன பேப்பர் எல்லாம் மலாய்லதான், கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா தமிழ்ல சொல்லி, "இப்ப நீ எனக்கு திருப்பிச் சொல்லு, என்னா எழுதியிருக்கு"ன்னு தங்கச்சிய சொல்ல வச்சாங்க. அவ ஒரு எடத்துல தப்பா சொன்னா, பொறுமையா திரும்ப சொன்னாங்க. உள்ள போயி வந்தது கொஞ்ச நேரந்தான், கல்யாணத்துக்கு எத்தன நாளு ஓடுனோம், முடியறது இவ்ளோதானான்னு தங்கச்சி வெளிய வந்து நின்னா. மேடம் ஒண்ணும் பேசல, தோள்ல கைய வச்சுக்கிட்டு கார் வரைக்கும் நடந்து வந்தாங்க.

அன்னிக்கோட முடிஞ்சுருச்சுன்னு நெனச்சுடாதீங்க, இத நெறைய பேருக்குத் தெரியாது. மொதல்ல நைசை (தற்காலிக ஆர்டர்), பொதுவா மூணு மாசம் கழிச்சுத்தான் அப்சலூட் (முடிவான ஆர்டர்), அப்புறம் அத ஜேபிஎன்ல பதியணும், அதுக்கு முன்னாடி மறு கல்யாணம் பேசக் கூடாது. ஈபிஎஃப்ல (தொழிலாளர் சேமநிதி) நாமினி பேர மாத்துனியான்னு கேட்டாங்க, டிவோர்ஸ் ஆனா அது தானா மாறாது, தங்கச்சி ஃபேக்டரி காலத்து ஈபிஎஃப்ல இன்னும் மச்சான் பேர்தான் இருந்துச்சு. போயி மாத்திட்டோம். நாளைக்கு அவரு காசு குடுக்காம விட்டா 1968 சட்டத்துல சம்பளத்துலேர்ந்தே கம்பெனிய புடிக்கச் சொல்லி கோர்ட்ல கேக்கலாம், அதுக்காக கம்பெனி முழுப் பேரும் அட்ரசும் இப்பயே ஃபைல்ல வாங்கி வச்சுட்டாங்க. இது வரைக்கும் 10-ஆம் தேதிக்குள்ள வந்துக்கிட்டு இருக்கு.

காசு எவ்ளோன்னு கேப்பீங்க. கேஎல்ல கேட்டதுல பாதிக்குக் கிட்டதான், தவணையா கட்ட விட்டாங்க, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது, கோர்ட் ஃபீஸ் தனி, அவங்க கூலி தனின்னு பிரிச்சு எழுதுன ரசீது. ஜெயிச்சா இவ்ளோ பர்சண்ட்னு யாராச்சும் கேட்டா எழுந்து வந்துருங்க, இங்க லாயர் அப்படி வாங்கக் கூடாது. கைல காசே இல்லன்னா கவர்மெண்ட் ஜபாத்தான் பந்துவான் குவாமான் (சட்ட உதவி இலாகா) இருக்கு, பார் கவுன்சில் பந்துவான் குவாமான் ஈப்போலயும் இருக்கு, வருமானத்தப் பாத்து எடுத்துக்குவாங்க. எங்களுக்கு முன்னாடி வந்த ஒரு பொண்ண மேடமே அங்க அனுப்பி வச்சாங்க, காசுக்காக புடிச்சு வச்சுக்கல.

கொறையும் சொல்லணும். கோர்ட் நாள்ல போன் எடுக்க மாட்டாங்க, மெசேஜுக்கு ராத்திரி 9 மணிக்குத்தான் பதில், தங்கச்சி மனசு ஒடஞ்சு கெடந்த நாள்ல அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. ஒரே ஆள், ஒரே கிளார்க், கிளார்க் அக்கா லீவுன்னா பேப்பர் நகராது. காத்திருக்கற எடம் ரொம்ப சின்னது, உள்ள பேசறது கொஞ்சம் வெளிய கேக்குது, நான் மேல சொன்ன அந்த அக்கா பேச்சு என் காதுல விழுந்ததே அதனாலதான், ரகசியத்துக்கு இவ்ளோ பாக்கறவங்க அந்தத் தடுப்புப் பலகைய மாத்தி செவுரு வச்சுரணும், இத அவங்ககிட்டயே சொல்லிட்டேன். வயசானவங்களுக்கு படி சிரமம், சொன்னா கீழ வந்து பேசறாங்க, ஆனா கீழ கடையில பேசற விஷயமா இது.

பெரிய கம்பெனி ஷேர், வெளிநாட்டு சொத்து, நாலு எடத்துல பிசினஸ், இந்த மாதிரி கேஸுன்னா ஈப்போலயோ கேஎல்லயோ அதுக்குன்னு இருக்கறவங்கள பாருங்க, மேடமே அப்படித்தான் சொல்லுவாங்க. சம்பளம், வீடு, புள்ளைங்க, நக, இதுதான் கேஸுன்னா இங்க வாங்க. அஞ்சுக்கு நாலரை. அர மார்க் அந்த செவுத்துக்காக.

போறவங்க கல்யாண சிஜில், ரெண்டு பேர் ஐசி காப்பி, புள்ளைங்க சூராட் பெராணாக் (பிறப்புப் பத்திரம்), ஒரு வருஷத்து பேங்க் ஸ்டேட்மெண்ட், இஏ பாரம், வீட்டு லோன் லெட்டர், அடகுச் சீட்டு இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க, மொத தடவையிலயே பாதி வேல முடியும். மொதல்ல வாட்ஸ்அப்ல நேரம் கேட்டுட்டுப் போங்க, காலையில பெரும்பாலும் கோர்ட்ல இருப்பாங்க, மத்தியானம் ரெண்டரைக்கு மேலதான் நல்லது.